கொப்பியும் கரும்பலகையும்

தமிழ்ப் படங்களில் வருகிற வாத்தியார் பெரும்பாலும் இரண்டு வகை. ஒருவர் கோமாளி. குடையும் மூக்குக்கண்ணாடியுமாக வந்து, பிள்ளைகளின் கேலிக்கு ஆளாகிப் போய்விடுவார். மற்றவர் மகான். ஊரைத் திருத்தவென்றே இடமாற்றம் பெற்று வருவார். இடைவேளைக்குப் பிறகு சண்டையும் போடுவார். இருபது வருடங்களுக்கு மேலாக ஒரு கிராமத்துப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறவன் நான். இந்த இருவரில் ஒருவரையேனும் எந்த ஆசிரியர் அறையிலும் கண்டதில்லை. நான் கண்டவர்கள் ஏழரைக்குள் கையொப்பம் வைக்க மூச்சிரைக்கச் சைக்கிள் மிதிக்கிறவர்கள். வங்கிக் கடன் கழிந்தபின் மிஞ்சுகிற சம்பளத்தை விரல்விட்டு எண்ணுகிறவர்கள். ஒரு பிள்ளை நன்றாக எழுதிவிட்டால் அந்தக் கொப்பியை அறை முழுவதும் கொண்டுதிரிந்து காட்டுகிறவர்கள். அதே நாளில் வேறொரு பிள்ளையின் காதைத் திருகுகிறவர்கள்.

அப்படியொரு வாத்தியாரை முதன்முதலாகத் திரையில் கண்டது 2007ஆம் ஆண்டில், ஆசிரிய கலாசாலை விடுதியில். கொழும்பிலிருந்து வந்த நண்பர் ஒருவர் நாலைந்து வீசீடீக்களைக் கொண்டுவந்திருந்தார். ஒரு பழைய கணினியைச் சுற்றி எட்டுப் பேர் அமர்ந்தோம். அரை மணித்தியாலத்தில் மூவர் நித்திரை. ஒருவர், "இதில கதை எங்க மச்சான் இருக்கு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். ஆங்கில உபதலைப்பை நிறுத்தி நிறுத்தி வாசித்துக்கொண்டு கடைசிவரை இருந்தவர்கள் இரண்டு பேர்தான். அப்பாஸ் கியாரொஸ்தமியின் 'நண்பனின் வீடு எங்கே' என்ற ஈரானியப் படம் அது. 1987இல் வெளிவந்தது.

கதையென்று பார்த்தால் இரண்டு வரிக்கு மேல் இல்லை. கோக்கர் என்ற கிராமத்துப் பையன் அஹ்மத், பக்கத்தில் இருப்பவனின் கொப்பியைத் தவறுதலாக வீட்டுக்குக் கொண்டுவந்து விடுகிறான். அந்த நண்பனோ வீட்டுவேலையைக் கொப்பியில் எழுதாமல் தனித்தாளில் எழுதி வந்ததற்காக அன்று காலைதான் வாத்தியாரிடம் அகப்பட்டவன். தாளை வாத்தியார் கிழித்துப் போட்டார். இன்னொரு தடவை இப்படி வந்தால் பாடசாலையிலிருந்து விலக்கிவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார். ஆகவே கொப்பியைக் கொடுத்தாக வேண்டும். நண்பனின் ஊர் மலைக்கு அப்பால் பொஷ்தே. வீடு எதுவென்று அஹ்மதுக்குத் தெரியாது. உம்மாவிடம் சொன்னால் அவளுக்குக் காது கேட்பதாயில்லை. 'வீட்டுவேலையைச் செய், பிள்ளையை ஆட்டு, பாண் வாங்கி வா' என்று அவள் அலுவல் அவளுக்கு. அப்பா முறையான கிழவரோ பையன் கீழ்ப்படிகிறானா என்று பார்ப்பதற்காக, தன்னிடம் சிகரட் இருக்கும்போதே சிகரட் எடுத்து வரச் சொல்லி அவனை ஏவுகிறார். ஒற்றை மரம் நிற்கும் குன்றின்மேல் வளைந்து வளைந்து போகும் பாதையில் அந்தச் சிறுவன் கொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான். திரும்பி வருகிறான். மறுபடியும் ஓடுகிறான்.

பாரசீகத்தில் கொப்பிக்கு 'தஃப்தர்' என்று பெயர். நமது பழைய பத்திரங்களில் 'தப்தர்' என்று வருகிற அதே சொல்தான். படம் முழுவதும் அந்தப் பையனின் வாயில் அந்த ஒரு சொல் ஓடிக்கொண்டேயிருக்கும். பாஷை தெரியாத எனக்கு ஒட்டிக்கொண்ட முதல் பாரசீகச் சொல் அதுதான்.

இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் அந்த வாத்தியாரைத் திட்டுவார்கள். என்னால் அவ்வளவு இலகுவில் திட்ட முடிவதில்லை. தனித்தாள் தொலைந்துபோகும். போன மாதம் பிள்ளை எப்படி எழுதினான், இப்போது எப்படி எழுதுகிறான் என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கொப்பி வேண்டும். எங்களுக்கும் கலாசாலையில் இதைத்தான் சொல்லித் தந்தார்கள். அவர் வைத்திருப்பது நியாயமான விதி. விதியை வைத்திருக்கிறவர் ஒரு கேள்வியைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்: ஏன் மகன் கொப்பியில் எழுதவில்லை? அந்த வகுப்பில் இன்னொரு பையன் முதுகு வலிக்கிறதென்று மேசைக்குக் கீழே இருப்பான். கொஞ்ச நேரம் கழித்து, பாடசாலை விட்டபின், அதே பையன் பால் கேனைச் சுமந்துகொண்டு போவதை நாம் காண்கிறோம். வாத்தியார் காணவில்லை. பார்வையாளனுக்குக் காட்டியதை வாத்தியாருக்குக் காட்டாமல் விடுகிறார் கியாரொஸ்தமி. கண்டிப்பு இதைவிடக் கூர்மையாக இருக்க முடியாது.

இந்தத் தனித்தாள் விஷயம் 2022இல் எங்கள் பாடசாலைக்கே வந்து சேர்ந்தது. நாட்டில் டொலர் இல்லை, கடதாசி இல்லை. அந்த வருடம் மார்ச்சில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே கடதாசித் தட்டுப்பாட்டால் ஒத்திவைத்தார்கள். கொப்பியின் விலை எங்கள் ஊர்ப் பெற்றோரின் கைக்கு எட்டவில்லை. பிள்ளைகள் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கட்டுரை எழுதி வந்தார்கள். பென்சிலால் எழுதி, நான் திருத்தியபின் அழித்து, மறுபடி எழுதினார்கள். ஒருவன் சீமெந்துப் பையின் உட்தாளை அளவாக வெட்டிக் கோர்த்து வந்தான். தமிழ்ப் பாடத்தில் அதற்கெல்லாம் ஒப்பம் கிடைத்தது. வேறொரு பாடத்துக்குப் பொறுப்பானவர், பெயர் வேண்டாம், கொப்பி இல்லாமல் வகுப்புக்குள் வராதே என்று சொல்லிவிட்டார். சீமெந்துப் பைப் பையன் நாலு நாள் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். வாப்பா முற்றத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தார். "கொப்பி வாங்குற காசுக்கு ஒரு றாத்தல் பாண் வாங்கலாம் சேர்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார். கொப்பிக்கு ஏற்பாடு செய்தோம். அவன் இரண்டு வாரம் வந்தான். பிறகு கடலுக்குப் போய்விட்டான். வயது பதின்மூன்று. இப்போது கடைத்தெருவில் கண்டால் "சேர்" என்று சிரித்துக்கொண்டு மீன் பையை நீட்டுவான். நான் காசு கொடுத்தால் வாங்கமாட்டான்.

கோக்கர் கிராமத்தின் கதை அந்தப் படத்தோடு முடியவில்லை. 1990 ஜூனில் வட ஈரானில் பூகம்பம் வந்தது. 35,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். படத்தில் நடித்த சிறுவர்கள் எல்லோரும் அந்தப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள். உயிரோடு இருக்கிறார்களா என்று தேடிக்கொண்டு கியாரொஸ்தமி அங்கே போனார். அந்தப் பயணத்திலிருந்து 1992இல் 'வாழ்க்கை தொடர்கிறது' என்ற படம் வந்தது. ஒரு நெறியாளரும் அவரது மகனும் ஒரு சின்னக் காரில் போகிறார்கள். வழியில் காண்கிறவர்களிடமெல்லாம் பழைய படத்தின் சுவரொட்டியைக் காட்டி, இந்தப் பையனைக் கண்டீர்களா என்று கேட்கிறார்கள். கடைசிவரை அந்தப் பையன்கள் திரையில் வருவதில்லை.

இந்தப் படத்தை என்னால் படமாகப் பார்க்க முடியவில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பின் எங்கள் கரையிலும் இப்படித்தான் நடந்தது. எனக்கு நியமனம் கிடைத்து இரண்டாவது வருடம். ஜனவரியில் வரவு இடாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு பெயரைக் கூப்பிடுகிறேன். பதில் வராத பெயர்கள். முகாமில் இருக்கிறானா, மாமி வீட்டுக்குப் போய்விட்டாளா, மையித்தாக அடங்கிவிட்டார்களா என்று எவருக்கும் தெரியாது. பக்கத்துப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். பின்னேரங்களில் நானும் இன்னொரு ஆசிரியரும் இடாப்பை எடுத்துக்கொண்டு முகாம் முகாமாகப் போனோம். எங்களிடம் சுவரொட்டி இல்லை. பெயரும் வாப்பாவின் பெயரும்தான் இருந்தன.

அந்தப் படத்தில் ஒரு காட்சி வரும். இடிபாடுகளுக்கு நடுவில் ஒரு வாலிபன் தொலைக்காட்சி அன்டெனாவைச் சரிசெய்துகொண்டிருக்கிறான். உலகக் கிண்ணக் காற்பந்தாட்டம் பார்க்கவேண்டுமாம். இத்தனை மையித்து விழுந்த இடத்தில் ஆட்டமா என்கிற மாதிரி நெறியாளர் கேட்கிறார். தானும் உறவுகளைப் பறிகொடுத்தவன்தான், ஆனால் உலகக் கிண்ணம் நாலு வருடத்துக்கு ஒருமுறைதானே என்கிறான் அவன். நண்பர்கள் சிலர் இதைச் செயற்கையென்று சொன்னார்கள். 2005 ஜனவரி 10இல் சுனாமி நிதிக்காக மெல்பேர்னில் ஆசிய அணியும் உலக அணியும் கிரிக்கெட் ஆடின. எங்கள் ஊர் முகாமில் ஒரு கூடாரத்து வானொலியைச் சுற்றி முப்பது பேர். அவர்களில் ஒருவர் பத்து நாட்களுக்கு முன்தான் தன் மகளை அடக்கியவர். முரளி பந்து வீச வந்தபோது சத்தத்தைக் கூட்டச் சொன்னவர் அவர்தான். அதைக் கண்டிராதவர்கள் செயற்கையென்று சொல்லலாம்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். மஜீத் மஜீதியின் 'சுவர்க்கத்துக் குழந்தைகள்' 1997இல் வந்து ஒஸ்கார் பரிந்துரைவரை போனபின், எங்கள் இலக்கியக் கூட்டங்களில் ஈரானியப் படங்களை 'இஸ்லாமிய சினிமா' என்று மேடைபோட்டுப் பாராட்டும் வழக்கமொன்று உண்டானது. படம் பார்ப்பதே பாவமென்று சொன்னவர்களுக்கு மறுமொழியாக அது உதவியிருக்கலாம். எனக்கு உடன்பாடில்லை. அஹ்மத் ஓடுவது கொப்பியைக் கொடுப்பதற்காக. அதற்குமேல் ஒரு முத்திரை குத்தினால் அந்தப் பிள்ளையின் ஓட்டத்தை நாம் நிறுத்திவிடுகிறோம். தவிர, ஈரானிலேயே இந்தக் கலைஞர்கள் பட்ட பாட்டையும் மறந்துவிடுகிறோம். ஜஃபர் பனாஹிக்கு 2010இல் சிறைத் தண்டனையோடு இருபது வருடப் படத் தடையும் விதித்தார்கள். எல்லாம் தெரிந்துகொண்டுதான் பாராட்டவேண்டும்.

'கரும்பலகைகள்' படத்தை எடுத்தபோது சமீரா மக்மல்பாஃபுக்கு இருபது வயதுதான். 2000ஆம் ஆண்டு கான் விழாவில் நடுவர் பரிசு பெற்றது. ஈரான் - ஈராக் எல்லை மலைகளில் குர்திஷ் வாத்திமார் கரும்பலகையை முதுகில் கட்டிக்கொண்டு மாணவர்களைத் தேடி அலைகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய கறுப்புப் பறவைகள் நடப்பதுபோல இருக்கும். படிக்க ஒருவரும் இல்லை. கடத்தல் சாமான் சுமக்கும் பையன்களுக்கு எழுத்து எதற்கு? ஊர் திரும்பும் கிழவர்களுக்கு எழுத்து எதற்கு? கரும்பலகை என்னென்னவோ ஆகிறது. நோயாளியைத் தூக்கும் கட்டிலாகிறது, குண்டுக்கு மறைவாகிறது, கால் முறிந்த பையனுக்குக் கட்டுப்போட அதிலிருந்து துண்டு வெட்டுகிறார்கள், ஒரு வாத்தியார் அதையே மஹராகக் கொடுத்து நிக்காஹ் செய்கிறார். தலாக் ஆனபின் அந்தப் பெண் பலகையைத் தன் முதுகில் போட்டுக்கொண்டு எல்லையைக் கடந்து போகிறாள். சில இடங்களில் படம் இழுபடுகிறது. உருவகத்தை நம் கண்ணுக்குள் திணிக்கிறது. ஆனாலும் காலைக் கட்டப் பலகையை வெட்டும் காட்சியை மறக்கமாட்டேன். 2004இல் எங்கள் பாடசாலைக் கதவொன்றைக் கழற்றி அதில் ஆட்களைத் தூக்கினோம். அந்தக் கதவு பிறகு திரும்பி வரவில்லை.

சீனத்து ஷாங் யிமோவின் 'ஒருவரும் குறையக்கூடாது' 1999இல் வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கியது. பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை பதில் ஆசிரியையாக வருகிறாள். ஒரு நாளைக்கு ஒரு வெண்கட்டிதான் கணக்கு. வெண்கட்டியைத் தரையில் போட்டு மிதிக்கும் இடத்தில் எனக்கு உடம்பு பதறியது. முடிவில் தொலைக்காட்சிக்காரர் வந்து, நன்கொடை வந்து, எல்லாம் சுபமாகிறது. அது அரசாங்க விளம்பரம் போலிருக்கிறது. பூட்டானிலிருந்து வந்த 'லுனானா' 2022இல் ஒஸ்கார் பரிந்துரை பெற்றது. அவுஸ்திரேலியாவுக்குப் போக ஆசைப்படும் இளம் ஆசிரியனை மலையுச்சிப் பாடசாலைக்கு அனுப்புகிறார்கள்; வகுப்பறைக்குள் ஒரு கவரிமாடு கட்டியிருக்கிறது. பிள்ளைகளுக்கு எழுதத் தாள் இல்லையென்று, குளிரைத் தடுக்கத் தன் அறை யன்னலில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துக் கொடுக்கிறான். அழகான படம். கொஞ்சம் அதிகமாகவே அழகு. கஷ்டப் பிரதேசப் பாடசாலையில் இவ்வளவு இனிமையான பெற்றோரை நான் கண்டதில்லை. அவன் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விடுவது மட்டும் உண்மை.

தமிழில் வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இல் ரொட்டர்டாமில் புலி விருது பெற்றது. குடிகாரத் தகப்பன் வகுப்பறைக்கு வந்து மகனை வெளியே அழைத்துக்கொண்டு போகிறான். அதற்குப் பிறகு அந்த வகுப்பறையைப் படம் திரும்பிப் பார்ப்பதில்லை, வெயிலும் நடையும்தான். அந்தப் பிள்ளைக்குப் பின்னால் என்ன ஆயிற்று என்று வகுப்பிலிருந்த ஆசிரியருக்குத் தெரியவரப்போவதில்லை. அந்த இடத்தில் நின்று பார்க்க எனக்குப் பழக்கமுண்டு.

என்னை மிகவும் தொந்தரவு செய்த படம் இவற்றில் கடைசியாகப் பார்த்தது. நூரி பில்கே ஜெய்லான் என்ற துருக்கிய நெறியாளரின் 'உலர்ந்த புற்களைப் பற்றி', 2023. மூன்றேகால் மணித்தியாலத்துக்கு மேல் ஓடும். மூன்று இரவுகளில் பார்த்து முடித்தேன். இரண்டாம் இரவு எரிச்சலில் நடுவில் நிறுத்தினேன். கிழக்கு அனத்தோலியாவில் பனி மூடிய ஒரு கிராமம். சமெத் சித்திர ஆசிரியர். கட்டாய சேவைக்காலம் முடிந்து இஸ்தான்புல்லுக்கு இடமாற்றம் கிடைக்கும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறவர். அங்கே ஆசிரியராக இருந்த ஒருவரின் நாட்குறிப்புகளிலிருந்து திரைக்கதை உருவானது என்கிறார்கள். அது தெரியாமலே படம் பார்த்தாலும் தெரிந்துவிடும். ஆசிரியர் அறையின் தேநீரும் புறணியும், அதிபரின் தொண்டைச் செருமலும், எல்லாம் நம்முடையவை.

சமெத்துக்குச் செவிம் என்ற மாணவி மேல் தனி அன்பு. ஒரு சின்னக் கண்ணாடியை அவளுக்குப் பரிசாகக் கொடுக்கிறார். ஒருநாள் ஆசிரியர்கள் மாணவர்களின் பைகளைச் சோதிக்கும்போது அவளிடமிருந்து ஒரு காதல் கடிதம் அகப்படுகிறது. அது சமெத்தின் கைக்கு வருகிறது. அவள் வந்து திருப்பிக் கேட்கிறாள். கிழித்துவிட்டேன் என்கிறார். கிழிக்கவில்லை. அவளுக்கும் அது தெரியும். அந்த ஒரு நிமிடத்தில் அந்தப் பிள்ளையின் முகம் மாறுவதை எத்தனை தடவை பார்த்தாலும் போதாது. அதற்குப் பிறகு அவர்மீது முறைப்பாடு போகிறது. பிள்ளைகளிடம் தகாத முறையில் நெருங்குகிறார் என்று. அதுவரை வகுப்பில் சிரித்துப் பேசிய மனிதர், உங்களில் ஒருவரும் கலைஞர் ஆகப்போவதில்லை, பணக்காரர் சுகமாக வாழ நீங்கள் உருளைக்கிழங்கு பயிரிடப்போகிறீர்கள் என்று பிள்ளைகளின் முகத்துக்கு நேரே சொல்கிறார்.

நம்மில் பலர் இந்த வசனத்தை வேறு பயிரின் பெயரோடு கேட்டிருப்போம். மாணவராக இருந்தபோது நான் கேட்டது 'மாடு மேய்க்கத்தான் லாயக்கு' என்பது. சொன்னவர் கெட்டவர் அல்லர் என்றுதான் ஊர் சொல்லும். ஜெய்லானும் சமெத்தைக் கெட்டவர் என்று தீர்ப்பளிப்பதில்லை. நல்லவர் என்றும் காப்பாற்றுவதில்லை. குண்டுவெடிப்பில் காலை இழந்த நுராய் என்ற ஆசிரியை சாப்பாட்டு மேசையில் அவரைக் கேள்விமேல் கேள்வி கேட்கிறாள்: நீ உலகத்துக்காக என்ன செய்கிறாய், எதன் பக்கம் நிற்கிறாய் என்று. மெர்வே திஸ்தாருக்கு 2023இல் கான் விழாவின் சிறந்த நடிகை விருதை வாங்கிக் கொடுத்த பாத்திரம் அது. சமெத்திடம் கெட்டிக்காரத்தனமான மறுமொழிகள் நிறைய உண்டு. ஒன்றும் மறுமொழி இல்லை.

இந்தப் படத்தை எங்கள் ஆசிரியர் நண்பர்கள் மூவருக்குப் பென் டிரைவில் கொடுத்தேன். ஒருவர் மதுக் காட்சிகள் அதிகம் என்றார். ஒருவர் பார்க்கவில்லை. மூன்றாமவர் ஒரு வாரம் கழித்து, "அந்தக் கடிதத்த அவர் குடுத்திருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். நான் வாசித்த விமர்சனங்களைவிட அது பெறுமதியானது.

போன வருடம் பாடசாலைக்கு ஒரு மல்டிமீடியா கிடைத்தது. தரம் எட்டுப் பிள்ளைகளுக்கு 'நண்பனின் வீடு எங்கே' படத்தைக் காட்டினேன். இரண்டு நாள், நாலு பாடவேளை. யன்னலுக்குச் சாக்கு கட்டினோம். உபதலைப்பைப் பார்த்துப் பார்த்து நானே தமிழில் குரல் கொடுத்தேன். அஹ்மத் நான், உம்மா நான், சிகரட் கேட்கும் கிழவரும் நான். ஒரு பிள்ளையின் வாப்பா கேற்றடியில் வந்து, "பள்ளிக்கூடத்தில படம் காட்டுறீங்களாமே சேர்" என்றார். உள்ளே வந்து பாருங்கள் என்றேன். பின்வாங்கில் வந்து அமர்ந்தார். இரண்டாம் நாளும் வந்தார். வீட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் இருட்டில் பையன் திரும்பி வரும்போது அவர்தான் சத்தமாக நாக்கைத் தட்டினார்.

படத்தின் முடிவு தெரிந்ததே. அஹ்மத் இரவோடு இரவாக நண்பனின் வீட்டுவேலையையும் தானே எழுதி முடித்து, காலையில் பிந்தி ஓடி வந்து கொப்பியைச் சேர்த்துவிடுகிறான். வாத்தியார் கொப்பியைத் திறந்து பார்க்கிறார், நல்லது என்கிறார். தாளுக்கிடையில், இரவு வழிகாட்டி வந்த தச்சர் கொடுத்த சின்னப் பூ. அவ்வளவுதான்.

விளக்கைப் போட்டதும் முன்வரிசைப் பெண்பிள்ளை கை உயர்த்தினாள்.

"சேர், ரெண்டு கொப்பியிலயும் ஒரே கையெழுத்துத்தானே. அந்த சேருக்குத் தெரியாதா?"

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. அவர் ஒழுங்காகப் பார்க்கவில்லை, சும்மா ஒப்பம் வைத்தார் என்றது ஒரு பக்கம். வாத்திமாருக்குக் கையெழுத்துத் தெரியாமல் போகாது, தெரிந்துகொண்டுதான் விட்டார் என்றது மறுபக்கம். "தெரிஞ்சா ஏன் நல்லம் எண்டு சொன்னாரு?" என்று ஒருவன் எழுந்து நின்றான். பூவைக் கண்டிருப்பார் என்றாள் ஒருத்தி. பூவைக் கண்டால் கையெழுத்து மாறிவிடுமா என்றான் அவன். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீங்க எண்டா என்ன செய்வீங்க சேர்?"

மணி அடித்தது. அடுத்த பாடம் கணிதம். கணித சேர் வாசலில் நின்று சாக்கை எப்போது கழற்றுவீர்கள் என்று கேட்டார்.